காலி டிரம்

200 லிட்டர் டிரம் ஒன்றின் மேல்தட்டில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்று 2 அங்குலம், மற்றது முக்கால் அங்குலம். விளிம்பையொட்டி எதிரெதிராக அமைந்திருக்கும். இரண்டுக்கும் மரையிட்ட மூடிகள், மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர். பெரிய துளை திரவம் போக, சிறிய துளை காற்று வர. சிறியதைத் திறக்காமல் பெரியதை மட்டும் திறந்து சாய்த்தால் டிரம் விக்கி விக்கித் துப்பும். பல ஆண்டுகளாக மொட்டைமாடியில் டிரம் வைத்திருப்பவர்கள்கூட அந்தச் சின்ன மூடி எதற்கு என்று கேட்டால் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூரில் வளர்ந்தவர்களுக்கு டிரம் என்பது ஊரின் நிலக்காட்சியில் ஒரு பகுதி. 1960களில் அரசு இங்கே தொழிற்பேட்டையை அமைத்தது. கடைசல் பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் வார்ப்படச் சாலைகளும் வந்தன. அவற்றுக்குத் தேவையான எண்ணெயும் அமிலமும் பிசினும் தின்னரும் டிரம்களில் வந்து இறங்கின. திரவம் தீர்ந்ததும் டிரம் தெருவுக்கு வந்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி, டீக்கடையில் பாத்திரம் கழுவும் தொட்டி, குறுக்கே அறுத்தால் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி, மணல் நிரப்பி நிறுத்தினால் போலீசாரின் சாலைத் தடுப்பு. எங்கள் தெருவில் ஒரு தையற்கடை இரண்டு டிரம்களின் மீது பலகை போட்டே பத்தாண்டுகள் நடந்தது. இவை எல்லாவற்றையும் நாங்கள் 'காலி டிரம்' என்றே சொல்வோம். அந்தச் சொல்லின் மீது எனக்கு வெகுநாளாகச் சந்தேகம் உண்டு.

2019 கோடையில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. அந்த ஆண்டின் சென்னையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. எங்கள் அம்பத்தூர் நிலையத்திலிருந்து மூன்றாவது நிறுத்தம் அது. தொலைக்காட்சியில் அந்த ரயிலுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. லாரி எப்போது வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. வரும்போது பிடித்து வைத்துக்கொள்ளக் கலன் வேண்டும். புதிய டிரம்களின் விலை ஏறியிருந்தது, கடைகளில் இருப்பும் இல்லை. ஆகவே பட்டரவாக்கம் பக்கம் ஒரு பழைய டிரம் கடையைத் தேடிப் போனேன்.

கடை என்று சொல்ல அங்கே கூரை இல்லை. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் மூன்றடுக்காக நின்றன. மறுபுறம் இரும்பு டிரம்கள் படுக்கை வாட்டில் கிடந்தன. நடுவே ஒரு முக்காலியில் கடைக்காரர். அறுபதைத் தாண்டியவர். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்தேன். எனக்கு முன்னால் வந்திருந்த ஒருவர் ஒரு டிரம்மின் வாய்க்கருகே மூக்கைக் கொண்டுபோனார். பாய் முக்காலியிலிருந்து எழாமலே அதட்டினார்.

"மோந்து பாக்காத சார். மோந்து பாத்து வாங்கறவன் சீக்கிரம் போய்டுவான். மொதல்ல லேபிளப் படி."

அன்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அங்கே இருந்தேன். கூட்டம் காரணமாகத்தான். ஆனால் அவர் மூடிகளைத் திறக்கும் விதத்தைப் பார்த்தபின் என் முறை வந்தும் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

கழற்ற முடியாத மூடி என்பது ஒரே ஒரு நோய் அல்ல. இரும்பு டிரம் என்றால் மரையில் துரு ஏறியிருக்கலாம். உள்ளிருந்த கரைப்பான் ரப்பர் வாஷரை ஊற வைத்துப் பெருக்கியிருக்கலாம். பிசினோ பெயிண்டோ மரைக்குள் கசிந்து காய்ந்து பசைபோல் கெட்டிப்பட்டிருக்கலாம். சூடான சரக்கை நிரப்பி உடனே மூடியிருந்தால், ஆறியபின் உள்ளே காற்றழுத்தம் குறைந்து மூடியை உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட டிரம்மின் வயிறு ஒட்டியிருப்பதை வைத்தே கண்டுகொள்ளலாம். வயிறு உப்பியிருந்தால் விஷயம் வேறு. உள்ளே ஏதோ வாயு உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேல்தட்டின் விட்டம் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். வெளிக்காற்றைவிட உள்ளே பத்தில் ஒரு பங்கு அழுத்தம் கூடினால் போதும், அந்தத் தட்டை உள்ளிருந்து கால் டன்னுக்கு மேற்பட்ட விசை தள்ளிக்கொண்டிருக்கும். பாய்க்கு இந்தக் கணக்கு தெரியுமோ என்னவோ, உப்பிய டிரம் எதையும் அவர் கடைக்குள் விடுவதில்லை.

திறக்கும்போது அவர் டிரம்மின் நேர்மேலே குனிவதில்லை. பக்கவாட்டில் நின்றுகொள்வார். எப்போதும் சின்ன மூடிதான் முதலில். அதையும் முழுக்கக் கழற்றாமல் அரைச் சுற்று விட்டு நிறுத்திக் காது கொடுப்பார். உஸ்ஸென்ற சத்தம் அடங்கியபின் மிச்சத்தைக் கழற்றுவார். மூடியின் பள்ளத்தில் பொருந்துகிற இரண்டு கொம்புகள் கொண்ட ஒரு சாவி அவரிடம் இருந்தது. பித்தளையால் வார்த்தது. இரும்பில் இரும்பு மோதினால் பொறி பறக்கும், பித்தளைக்கு அந்த அபாயம் குறைவு. மூடி அசையாவிட்டால் திறக்கும் திசையில் பலம் கொடுப்பதற்கு முன் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு திருப்புவார். ஒட்டிக்கொண்டிருப்பது எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதானே. அதற்கும் மசியாவிட்டால் கொட்டாப்புளியால் மூடியைச் சுற்றி மெல்லத் தட்டுவார். உளியை மட்டும் எடுக்கவே இல்லை. உளி வைத்து அடித்தால் மூடி கழன்றுவிடும், ஆனால் மரை போய்விடும். மரை போன டிரம் பிறகு எதற்கும் உதவாது. மரை கழன்றவன் என்று நாம் மனிதர்களைச் சொல்வதன் முழுப்பொருள் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

கடைசி வைத்தியம் வெந்நீர். பழைய சாக்குத் துணியை வெந்நீரில் நனைத்து மூடியின் மீது சுற்றி, ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரம் காத்திருப்பார். அதற்காகவே கடைக்கு வெளியே தெருவோரம் தள்ளிப்போய்ப் பீடி பற்றவைப்பார். கடைக்குள் நெருப்புக்கு அனுமதி இல்லை. வெந்நீர் மூலையில் இருந்த மின்கெட்டிலில் வந்தது.

நான் எடுக்க நினைத்த இரண்டு நீல டிரம்களின் மூடிகளும் அசையவில்லை. லேபிள் கிழியாமல் இருந்தது. திரவ குளுக்கோஸ், பிஸ்கட்டும் மிட்டாயும் செய்கிற இடங்களில் பயன்படுவது. பாய் மூடியைச் சுற்றி விரலால் காட்டினார். மரை இடுக்கில் சிற்றெறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"இத எடுத்துக்க சார். சக்கரப் பாகு காஞ்சு புடிச்சிருக்கு. வெந்நி பட்டா வுட்ரும்."

சொன்னபடியே ஐந்து நிமிடத்தில் விட்டது. எறும்பு ஒரு சான்றிதழ் அல்ல என்று நான் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். லேபிள் சொல்வதும் எறும்பு சொல்வதும் வெந்நீர் சொல்வதும் ஒன்றாக இருந்தால்தான் வீட்டுக்குக் கொடுப்பேன் என்றார். மூடி பிடிவாதம் பிடிப்பதை நாம் தொல்லை என்று நினைக்கிறோம். அவர் அதை ஒரு வாக்குமூலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வெந்நீருக்கு இளகினால் சர்க்கரை. இளகாவிட்டால் வேறு ஏதோ, அது என்னவென்று தெரியும்வரை அந்த டிரம்மைத் தண்ணீர் பிடிக்க விற்பதில்லை.

அதே நேரத்தில் ஓர் இளைஞன் வந்து லேபிள் இல்லாத ஓர் இரும்பு டிரம்மைக் கேட்டான். கட்டட வேலைக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டுமாம். இரண்டு மூடிகளும் துருவேறி இறுகியிருந்தன. பரவாயில்லை, எங்கள் வெல்டரிடம் கொண்டுபோய்த் தலையை அறுத்துக்கொள்கிறேன், எப்படியும் காலிதானே என்றான். பாய் பேசவே இல்லை. அவன் நீட்டிய பணத்தை அவன் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார். அவன் ஏதோ முனகிக்கொண்டு போனான்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடுவரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். அதற்குக் கீழே ஆவி போதாது, மேலே காற்று போதாது. நிறைந்த டிரம்மில் திரவத்துக்கு மேலே இடம் கொஞ்சம். காலியான டிரம்மில் 200 லிட்டர் காற்று இருக்கிறது. 1.4 விழுக்காடு என்றால் 3 லிட்டருக்கும் குறைவான ஆவி. அவ்வளவு ஆவியைத் தர 15 மில்லிலிட்டர் பெட்ரோல் போதும். அதாவது ஒரு மேசைக்கரண்டி. கவிழ்த்து வடித்த டிரம்மின் விளிம்பு மடிப்பில் அதைவிட அதிகமாகவே தங்கும். ஆகவே நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்மே அபாயம். கேஸ் கட்டிங் நெருப்பு அந்தத் தகட்டைத் துளைக்கும் கணத்தில் டிரம் தன் மேல்தட்டை வீசி எறிகிறது. உலகமெங்கும் பட்டறைகளில் இது நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது.

என் பெரிய மாமாவுக்கு 1986இல் நடந்தது. அவர் அம்மாவின் அண்ணன், தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டர். தொழிலாளர்கள் குடிக்கத் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம்மின் தலையை அறுத்துத் தரச் சொன்னார்கள். மாதக்கணக்கில் மூடியோடு வெயிலில் கிடந்த டிரம். முன்பு அதில் தின்னர் இருந்திருக்கிறது. மூடி வரவில்லை, அப்படியே அறு, காலியாகத்தான் இருக்கிறது என்று மேலாள் சொன்னாராம். மாமாவின் இடது கண் போயிற்று. இடது காதும். பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். அந்த நாளைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. ஆனால் அவர் வீட்டில் மண்ணெண்ணெய் டின் தீர்ந்தால், அதில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றித்தான் வெளியே வைப்பார். சிறுவயதில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கலனைத் தண்ணீரால் நிரப்பினால் ஆவிக்கு இடமில்லாமல் போகிறது என்பது தொழில் பாதுகாப்புக் கையேடுகளில் உள்ள விதி என்று பின்னாளில் படித்தபோது சிரிக்கத் தோன்றவில்லை.

திரவத்தை அடைத்து வைக்கும் கலன், திரவம் போனபின்னும் அதை விடுவதில்லை. இது பழைய விஷயம். ரோம் நகரில் மோண்டே டெஸ்டாச்சோ என்றொரு குன்று இருக்கிறது. ஏறக்குறைய 35 மீட்டர் உயரம். முழுக்க உடைந்த சாடிகளால் ஆனது. ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகள். எண்ணெய் மண்ணுக்குள் ஊறிக் காறல் வாடை எடுத்ததால் மறுபடி பயன்படுத்த முடியாமல் உடைத்துக் குவித்தார்கள். அதே வகைச் சாடிகளின் சில்லுகளைத்தான் 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தார். யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் புறநானூறு பேசுகிறது. அந்த மது வந்த சாடியின் வாயைத் தக்கையாலோ களிமண் வில்லையாலோ அடைத்து மேலே சாந்து பூசியிருப்பார்கள். திறப்பது என்றால் உடைப்பதுதான். பாண்டிய நாட்டிலும் சோழ நாட்டிலும் யாரோ ஒருவர் அந்தச் சாந்தைத் தட்டி உடைத்திருப்பார். காலியான சாடியை அவர் வீட்டுப் பெண்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதை எந்தப் புலவரும் பாடவில்லை.

இரும்பு டிரம்முக்கும் ஒரு கதை உண்டு. அதன் மூலவடிவங்களில் ஒன்று, 1905இல் நியூயார்க்கின் அயர்ன் கிளாட் தொழிற்சாலையைச் சேர்ந்த ஹென்றி வேர்ஹான் காப்புரிமை பெற்றது. தொழிற்சாலையின் உரிமையாளர் நெல்லி பிளை. 72 நாளில் உலகைச் சுற்றிவந்த அதே பத்திரிகையாளர். அந்தப் பயணத்தில் அடுத்த கப்பலுக்காகக் கொழும்பில் சில நாள் காத்துக் கிடந்தவர். கணவர் இறந்தபின் ஆலைப் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது.

மூடிகளோடு மல்லுக்கட்டும் படத்தை என் சித்தி மகனுக்கு அனுப்பி வைத்தேன். அவன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். உடனே தன் பங்குக்கு ஒரு படம் அனுப்பினான். மேசைமேல் 5 லிட்டர் தகரப் பீப்பாய், பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர், சோப்புத் தண்ணீர். அங்கே கடைகளில் பீர் இப்படிப்பட்ட குட்டிப் பீப்பாய்களில் கிடைக்கிறது. குடித்து முடித்தபின் அவற்றைத் தூக்கி எறியாமல் வீட்டில் தயாரிக்கும் பீரை நிரப்பிக்கொள்வது அவன் நண்பர்களின் பொழுதுபோக்கு. பீப்பாயின் உச்சியில் இரண்டு பாகமாக ஓர் அடைப்பான்: வெளியே ரப்பர் வளையம், நடுவே பிளாஸ்டிக் ஆப்பு. குழாயைச் செருகும்போது ஆப்பு உள்ளே இறங்கிக்கொள்ளும். உள்ளே போவதற்காகச் செய்யப்பட்டது, வெளியே வருவதற்காக அல்ல. அவன் மிச்ச வாயுவை வெளியேற்றி, வெந்நீரில் ரப்பரை இளக்கி, சோப்பைத் தடவி, முனை மழுங்கிய திருப்புளியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நெம்பி அரை மணி நேரத்தில் எடுத்தானாம். ஓரிடத்தில் மட்டும் நெம்பினால் தகரத்தின் உதடு வளைந்துவிடும், பிறகு எந்த அடைப்பானும் பொருந்தாது. பட்டரவாக்கத்து மரைக்கும் ஸ்டுட்கார்ட் தகரத்துக்கும் ஒரே நியதி. சர்க்கரையை அளவுக்கு மேல் போட்டு அடைத்துவிட்டால் அவனுடைய பீப்பாயும் வயிறு உப்பும்.

அவனுக்கு இது சட்டம் அனுமதிக்கும் விளையாட்டு. குறிப்பிட்ட அளவுவரை வரியும் கிடையாது. இங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே அவனுடைய நுட்பங்கள் எனக்குத் தண்ணீருக்குத்தான் உதவும் என்று எழுதினேன். தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டான். அதற்கு என்ன பதில் எழுதுவது.

மண்சாடி எண்ணெயைக் குடித்ததுபோலவே நீல டிரம்மின் பாலிஎத்திலீன் கரைப்பான்களையும் பூச்சிமருந்துகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சுவருக்குள் போனது வராது. பிறகு ஊற்றி வைக்கும் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகத் திரும்பி வரும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் நச்சு வேதிப்பொருள் படிந்த காலி பேரல்களைக் கழிவுப் பட்டியலில் சேர்த்துள்ளன. அவற்றைச் சுத்தம் செய்து விற்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் லேபிளைக் கிழித்துவிட்டால் எந்த டிரம்மும் வெறும் நீல டிரம்தான், அதுவும் தண்ணீர்ப் பஞ்சத்தில். அந்தக் கோடையில் எங்கள் வார்டில் லாரியின் பின்னால் உருண்டு வந்த நூற்றுக்கணக்கான டிரம்களில் எதில் என்ன இருந்தது என்று கேட்பாரில்லை. பாயைப் போன்ற ஒருவர் ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்திருப்பார் என்று நம்புவதைத் தவிர நமக்கு வேறு ஏற்பாடு இல்லை என்பது எனக்குச் சற்றும் ஆறுதல் தரவில்லை.

டிரம்கள் இரண்டும் வீட்டுக்கு வந்தன. வெந்நீரும் சோடா உப்பும் போட்டு மூன்று முறை அலசினேன். வாஷர்களை மாற்றினேன், மரையில் தேங்காய் எண்ணெய் தடவினேன். குடிக்கவும் சமைக்கவும் குடத்துத் தண்ணீர்தான், டிரம் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் என்று ஏற்பாடு. ஆனால் அம்மா அதைத் தொடவில்லை. கொல்லைப்புறத்தில் டிரம் நின்ற பக்கம் போவதையே தவிர்த்தாள். இரண்டாம் நாள் கேட்டாள்.

"இதுல முன்ன என்னடா இருந்துச்சு?"

குளுக்கோஸ் என்றேன். லேபிளைப் பிரித்து எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். எறும்பைப் பற்றியும் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் தினமும் காலையில் ஒரு செம்பு டிரம் தண்ணீரை எடுத்துத் துளசிமாடத்தில் ஊற்றினாள். அந்தச் செம்பைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. துளசி வாடவில்லை, நுனியில் புதுத் தளிர் விட்டிருந்தது. அன்று வியாழக்கிழமை என்று நினைவு. லாரி வந்து போயிருந்தது. அம்மா துணி ஊறவைக்கும் வாளியோடு டிரம்மிடம் போனாள். பெரிய மூடியில் கை வைத்தவள் நின்றாள். பக்கவாட்டில் நகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சின்ன மூடியை முதலில் திருகினாள்.

அதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.